காது சோதிக்கும் அறையின் ஜன்னல்

போடியில் ஒரு அரசு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது என் வேலை. அதற்கான கருவியை அனுப்பிவைத்தார்கள். சத்தம் புகாத அறையைக் கட்டித் தரவில்லை. கேட்டால் வரும் வரும் என்றார்கள். அதுவரைக்கும் என்று எனக்கு ஒதுக்கிய அறையில் பெரிய ஜன்னல்கள், அவற்றுக்கு மேலே கண்ணாடியே இல்லாத காற்றுத் துளைகள். நேர் எதிரில் ஜீப்பு ஸ்டாண்டு.

மலைக்கு மேலே கேரளப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் அவை. ஒவ்வொரு ஜீப்புக்கும் ஒரு ஹாரன் முறை உண்டு. இரண்டு குட்டை, ஒரு நெட்டை என்றால் ஒரு தோட்டம். விட்டுவிட்டு அடித்தால் இன்னொன்று. தெருவுக்குள் இருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் தூக்குவாளியோடு ஓடிவருவார்கள். ஜீப்புகள் போய் ஓய்ந்தால் லோடு வண்டிகள் வந்துவிடும். ஹெட்போனுக்குள் நான் அனுப்பும் மெல்லிய ஓசை, அந்த அமளியில் நானே மாட்டிப் பார்த்தாலும் கேட்காது.

ஜன்னலைச் சாத்தினால் அறை அடுப்பாகிவிடும். மின்விசிறியைப் போட்டால் அது ஒரு தனிக் கச்சேரி. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவரிடம் காலிச் சாக்குகள் வாங்கி ஜன்னலில் இரட்டையாகத் தொங்கவிட்டேன். சத்தம் குறையவில்லை, வந்தவர்கள் எல்லாம் தும்மினார்கள். பார்வையிட வந்த பொறியாளர், காற்று வரும் வழியில்தான் சத்தமும் வரும் என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார். இதைச் சொல்ல ஒரு பொறியாளர் வேறு.

அந்த நாட்களில்தான் ராசிங்காபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பவர். ஆனை வருகிறது என்று எல்லோரும் கத்திக்கொண்டு ஓடியபோது அவர் மட்டும் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாராம். காது சரியாக இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னால்தான் இனி ஜீப்பில் ஏற்றுவேன் என்று கங்காணி அவரை நிறுத்திவிட்டார். வேறு பிழைப்பு இல்லை. என் முகத்தைப் பார்த்தபடி, கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னார்.

ஓசை கேட்டதும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். அவர் ஹாரனுக்கெல்லாம் அழுத்தினார். எத்தனை முறை வரவழைத்தும் இதே கதை. எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் ஜீப்புகள்மேல்.

"அக்கா, உங்க காதுல ஒண்ணும் இல்ல. கோளாறெல்லாம் இந்த ரோட்டுலதான்" என்றேன். அவர் முகம் தெளிந்தது.

ஸ்டாண்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். ஒருநாள் எனக்காக ஹாரனை நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக ஜீப்பின் தகரத்தைத் தட்டித் தட்டித் தோட்டப் பெயர்களைக் கூவினார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அப்படியும் பாதிப் பேர் வண்டியைத் தவறவிட்டார்கள்.

"ஹாரன் அடிக்காட்டி ஆளு ஏறாதுண்ணே. ஒங்க சோலிக்காக எங்க சோலிய நிறுத்த முடியுமா?" என்றார் ஒரு டிரைவர். எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

பிறகு ஒருநாள் மலைக்கு மேலே, கேரளப் பக்கம் ஹர்த்தால். ஜீப்பும் இல்லை, லோடும் இல்லை. அந்தப் பெண்ணுக்குச் சொல்லியனுப்பி முதல் ஆளாக உட்காரவைத்தேன். காக்கை கரைவதுகூடத் தனியாகக் கேட்டது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இன்றோடு இவர் கவலை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஹெட்போனை மாட்டிவிட்டு மிக மெல்லிய ஓசையில் தொடங்கினேன். கூட்டினேன். இன்னும் கூட்டினேன். பொத்தான்மேல் விரலை வைத்தபடி அவர் காத்திருந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னிக்கு ஒரு சத்தமும் இல்ல சார். வெரசா ஆரம்பிங்க" என்றார்.

அவருடைய ஹெட்போனிலிருந்து கசிந்த ஓசை, மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.