நெஞ்சில் போட்ட கோடு

ஆலத்தியூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், வெடி வைக்கும் இடத்தைப் பாறையில் கோடு போட்டுக் காட்டுவதுதான் கொளஞ்சியப்பனின் வேலை.

அவர் மனைவி தையல்நாயகிக்கு இடது மார்பில் புற்றுநோய். திருச்சி ஆஸ்பத்திரியில் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். கதிர் பாயும் இடத்தைச் சுற்றி மையால் கோடு போட்டு, "அழியாமப் பாத்துக்குங்க, எதையும் தடவாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

செல்போனில் எவனோ ஒரு புண்ணியவான், கருஞ்சீரக எண்ணெய் தடவினால் கரண்டு இன்னும் நன்றாகப் பிடிக்கும் என்றான். வெந்து கறுத்த தோலில் இவரே தடவிவிட்டார். காலையில் பாதிக் கோட்டைக் காணோம்.

"சொல்லிப்புடலாங்க" என்றாள் தையல்நாயகி.

"சொன்னா இன்னைக்குக் கரண்டு வைக்காம அனுப்பிடுவான். பேசாம நில்லு." சுரங்கத்து மார்க்கரை எடுத்து மீதிக் கோட்டை அவரே போட்டார். "பாறையில நான் ஒருநாளும் தப்புனதில்ல."

ஆஸ்பத்திரியில் அவளைப் படுக்கவைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள். சுரங்கத்திலும் சங்கு ஊதியதும் இப்படித்தான் விலகுவார்கள். ஆனால் அங்கே கோட்டுக்கு அடியில் வெறும் கல். இங்கே அவள் இருதயம்.

கொளஞ்சியப்பன் இரண்டு கையாலும் கதவில் அறைந்தார்.

"நிறுத்துங்க சார்! அந்தக் கோடு நான் போட்டது!"