மஞ்சள் பட்ட ரோஜாப் பாத்தி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனி துரையின் பங்களாவில் என் தகப்பனார் தோட்டக்காரர். பங்களாவின் பின்கட்டில் இருந்த ஓர் அறைதான் எங்கள் வீடு. மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படித்திருந்ததால், துரைசானி படம் எழுதும்போது வர்ணக் குழாய்களை எடுத்துக் கொடுப்பதும், அவர் சொல்வதை வேலையாட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலையாயின.

சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலிலிருந்து வழித்த மயிரைத் தென்னைக்கு எருவாகப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவ்வருஷம் அப்பா அதையே ரோஜாப் பாத்திக்கும் போட்டார். சுண்ணாம்பு போகக் கழுவ மறந்துவிட்டார். பத்தே நாளில் செடிகள் மஞ்சளாயின.

"இன்னாய்யா, ரோஜாவையும் தோலு மாதிரி பதம் போட்டுட்டியா?" என்று பட்லர் சிரித்தார். அப்பாவால் சிரிக்க முடியவில்லை. சென்னப்பட்டணம் போன துரை, தாம் திரும்பும்போதும் பாத்தி இப்படியே கிடந்தால், வேறு தோட்டக்காரனுக்கு அறையைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிப் போயிருந்தார்.

துரைசானி வராந்தாவை விட்டு இறங்குவதில்லை. கண்களைப் பாதி மூடிக்கொண்டு, கோடு போடாமல், பிரெஞ்சு தேசத்துப் புது முறை என்று வர்ணத்தைத் தீற்றித் தீற்றி எழுதுவார். அந்த மஞ்சள் அவருக்குப் பிடித்துப்போயிற்று. வெயிலே செடிகளில் வந்து உட்கார்ந்தது போல எழுதினார். அழகான படம், இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

துரை வருவதற்கு முந்தின நாள் அப்பா பாத்தியில் மண்டியிட்டபடி என்னைக் கூப்பிட்டார்.

"குனிஞ்சு பாரும்மா. அடியில தளிர் வுட்டுக்குது."

மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே, செடிக்குச் செடி சிவந்த முளைகள்.

"அந்தப் படம் தொரை கண்ணுல படட்டும். தொரைசானி அம்மாவுக்கே புடிச்சிருக்குதுன்னா நம்மள வுட்டுருவாரு. நீ அவங்ககிட்ட கேளேன்."

நான்தான் கேட்டேன். துரை வந்ததும் துரைசானி படத்தைக் காட்டினார். துரை நெடுநேரம் பார்த்தார், பாராட்டினார். பிறகு, "இதில் பச்சையே இல்லையே" என்றார்.

படிக்குக் கீழே நின்ற அப்பா, "ஐயா, ஒரு தபா எறங்கி வந்து குனிஞ்சு பாருங்க. செடி பொழைச்சுக்கிச்சு" என்றார். ஒரு சொல் விடாமல் அதை இங்கிலீஷில் சொன்னேன், இரண்டு தரம். துரை இறங்கவில்லை. இதைவிடத் தெளிவாக அங்கே வந்து என்ன பார்ப்பது என்று படத்தைக் காட்டினார்.

துரைசானியைப் பார்த்தேன். "இங்கிருந்து தெரிந்ததைத்தானே எழுதினேன்" என்றார், மெல்ல. அது பொய்யுமல்ல. அதை மட்டும் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை அறையைக் காலி செய்தோம். புறப்படுமுன் அப்பா அந்தப் பாத்திக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினார். கேட்டைத் தாண்டியதும் எந்தப் பக்கம் திரும்புவதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.