குடவோலையில் வந்த தலைவி

ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் இளமதியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் பெருமையாகச் சொல்வார்கள். பிறகு, "பேச ஆரம்பிச்சா மட்டும் நிறுத்தாது" என்று சேர்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டாவது தேறி, ஆசிரியர் பயிற்சிக்குப் போன முதல் பெண் அவள். 2003 கோடை லீவுக்கு வந்தவள் சும்மா இருந்தாளா? ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் கோடை வகுப்பு ஆரம்பித்துவிட்டாள்! குடியிருப்புப் பிள்ளைகளோடு ஊர்ப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள். அதுதான் அதிசயம். சின்ன உரசல் வந்தாலும் ஊர்க்காரர்கள் பிள்ளைகளை நிறுத்திவிடுவார்களே என்று அவள் தினமும் தலைகளை எண்ணிப் பார்த்துக்கொள்வாள்.

அன்று குடவோலை விளையாட்டு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் வெட்டியிருக்கிறதே சோழர் காலத்துத் தேர்தல் முறை, அதேதான். ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்க வேண்டும்.

"அந்தக் காலத்துல நெலம் இருக்கறவங்க பேரைத்தான் போடுவாங்க. நம்ம கொடத்துல யார் பேரு வேணா போடலாம். தலைவரா வர்றவங்கதான் எல்லாருக்கும் தண்ணி குடுக்கணும்" என்றாள் இளமதி. வாய் சும்மா இருந்தால்தானே! ஊர்ப் பிள்ளைகள் அதுவரை வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

குடியிருப்புப் பிள்ளைகளின் ஓலைகளை எட்டிப் பார்த்த ஊர்ப் பையன் வினோத்குமார் கத்தினான். "டீச்சர், போங்கு! இவங்கல்லாம் அவங்க பேரையே எழுதிக்கினு கீறாங்க!"

"வேற பேரு எழுத வராதேக்கா. எங்க பேருதான நீ கத்துக் குடுத்த?" என்றாள் குடியிருப்புப் பெண் பிரியங்கா.

மரத்தடியே சிரித்தது. "சரி, எல்லாருமே அவங்கவங்க பேரை எழுதுங்க" என்று இளமதி சமாளித்தாள். இருப்பதிலேயே சின்னப் பிள்ளை குடத்துக்குள் கையை விட்டு ஓர் ஓலையை எடுத்தது. பிரியங்கா!

அந்த நேரம் பார்த்து வினோத்குமாரின் அம்மா ஆண்டாளம்மாள் மகனைக் கூட்டிப்போக வந்து நின்றாள். கெட்டவள் இல்லை, இளமதி படிக்கிறாள் என்றால் சந்தோஷப்படுகிறவள்தான். ஆனால் அவள் வீட்டு வாசலில் இளமதி இன்றைக்கும் குனிந்து கையேந்தித்தான் தண்ணீர் குடிப்பாள்.

பிரியங்கா பானையில் மொண்டு டம்ளரை நீட்டினாள். முதல் ஆள் வினோத்குமார். அவன் அம்மாவைப் பார்த்தான். வெயிலோ மண்டையைப் பிளந்தது. பையன் டம்ளரை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, "இன்னொண்ணு குடு" என்றான்.

ஆண்டாளம்மாள் டம்ளரையும் பிரியங்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில், "மெதுவா குடிடா, பொறையேறப் போவுது" என்றாள். அவ்வளவுதான். வரிசை நகர்ந்தது.

கடைசியாக இளமதியின் முறை. ஆண்டாளம்மாள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் அல்லவா, பழக்கதோஷம், இளமதி தன்னையறியாமல் குனிந்து இரண்டு கையையும் குவித்துவிட்டாள்.

"இன்னாக்கா நீ? டம்ளர் கீதே, புடி!" என்று அதட்டினாள் தலைவி.

இளமதி நிமிர்ந்து டம்ளரை வாங்கினாள். பிள்ளைகள் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முழுத் தண்ணீரையும் குடித்தாள்.