பதினேழாம் எண் வீட்டில் ஆள் இல்லை

எங்கள் அலுவலகத்தில் அவரைத் தராசு என்றுதான் சொல்வோம். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம், ஆனாலும் அவருக்குத் தெரியும். புதிய நெடுஞ்சாலை வருகிறது என்றால் மூன்று வழித்தடங்களை வரைந்து, எதில் எவ்வளவு செலவு, எத்தனை மரம், எத்தனை குளம், எத்தனை வீடு போகும் என்று எடைபோட்டு அட்டவணை தயாரிப்பது அவர் வேலை. அதை டைப் அடிப்பது என் வேலை. பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை. அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

மனிதர் அப்படியொரு கறார். தலைமைப் பொறியாளர் ஒரு குளத்தைக் குட்டை என்று போடச் சொன்னார். இவர் மழைக்காலத்தில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை போய் அளந்துவிட்டு வந்து குளம் என்றே போட்டார். அதிலிருந்து பொறியாளர் இவரிடம் அளந்துதான் பேசுவார்.

இந்தமுறை ஊரைச் சுற்றிப் போகும் சாலை. முதல் தடம் சதுப்பு நிலத்தின் வழியாக. செலவு குறைவு, ஆனால் பறவைகள் போகும், ஊரின் பாதி வெள்ளம் வடிவதும் அங்கேதான். இரண்டாவது மலையைக் குடைந்து. செலவைக் கேட்டாலே தலை சுற்றும். மூன்றாவது ஊர்க்கோடித் தெருக்கள் வழியாக. அதில் எல்லாமே வீடுகளின் கணக்கைப் பொறுத்தது. மூன்று நாள் தட்டியும் திறக்காத வீடு, பக்கத்து வீட்டாரும் ஆள் இல்லை என்று சொன்னால், ஆளில்லா வீடு. அதற்கு ஒரு பெருக்கல் குறி, எடை பூஜ்யம். இந்த விதியை எப்போதோ எழுதியவரும் அவர்தான். கணக்கெடுப்பவர்கள் பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புவார்கள். தனியாக இருந்து வேலைக்கும் போகிறவர் அந்த நேரத்தில் எப்படிக் கதவைத் திறப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தொரு பெருக்கல் குறி. மூன்றாவது தடம் சுலபமாக ஜெயித்தது. அவர் கதவு எண்களைப் படிக்க நான் அடித்துக்கொண்டிருந்தேன். பதினேழில் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மறுபடி அதையே படித்தார்.

“இது என் வீடு மேடம். பக்கத்து வீட்ல கேட்டிருக்காங்க. யாரும் இல்லைன்னு சொல்லியிருக்காங்க.”

நான் சிரித்துவிட்டேன். இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

அந்த ஒரு வரியை மட்டும் அவர் மாற்றியிருக்கலாம், ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. அவரோ நாற்பத்தொரு வீட்டையும் மாலையில் போய்த் தட்டுவது என்று கிளம்பினார். சிரித்த பாவத்துக்கு நானும் போனேன். முப்பத்துமூன்று வீட்டில் ஆள் இருந்தது. வேலை முடிந்து வந்த நர்ஸ், சட்டையில் கிரீஸோடு ஒரு மெக்கானிக், அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்த ஒருவர். எல்லாரும் ஒற்றை ஆள். கதவை ஒரு சாண்தான் திறந்தார்கள்.

குறியை நீக்க ஒரு படிவம் உண்டு. கணக்கெடுப்புக்கு முந்தைய ஒரு வருடத்தில் அந்த ஆளோடு ஒருமுறையாவது பேசிய பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும். காலி வீட்டில் கட்டிலைப் போட்டுக் குடியிருப்பதாக ஏமாற்றுகிறவர்களைத் தடுக்க அதையும் அவரே எழுதியிருந்தார். முப்பத்திரண்டு பேருக்குக் கையெழுத்துக் கிடைத்தது. பாக்கி அவர் ஒருவர்.

பக்கத்து வீட்டில் ஒரு தையல்காரம்மா. தராசை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒன்பது வருஷமா இங்கயா இருக்கீங்க? லைட் எரியறதப் பாத்திருக்கேன். வீட்டுக்காரர் அப்பப்ப வந்து எட்டிப் பாத்துட்டுப் போறார்னு நெனச்சேன். நாம பேசினதில்லையே, பொய்க் கையெழுத்து எப்படிங்க போடுறது?”

போட வேண்டாம், அந்தம்மா சொல்வதுதான் சரி என்றார் தராசு. தெருவில் இறங்கியதும் நான் பிடித்துக்கொண்டேன். இப்போது பேசினீர்களே, அது பேச்சில்லையா என்றேன். பேசிய தேதி கணக்கெடுப்புக்கு முந்தியதாக இருக்க வேண்டுமாம். பதினொரு வருடமாக நான் பேசுகிறேனே என்றேன்.

“நீங்க பக்கத்து வீடு இல்லையே மேடம்” என்றார்.

கோபம் வந்தது, அவர்மேல் பாதி, என்மேல் பாதி. நாங்கள் பேசியதெல்லாம் கோப்பு எண்ணும் மின்விசிறி வேகமும்தானே.

மூன்றாவது தடத்தை வளைத்து முப்பத்திரண்டு வீட்டையும் தப்பவைத்தார். சதுப்பும் தப்பியது. கோடு எட்டுக் காலி வீடுகள் வழியாகவும் பதினேழாம் எண் வழியாகவும் போனது. இன்னும் கொஞ்சம் வளைக்கக் கூடாதா என்றேன். வளைத்தால் சதுப்பின் ஒரு மூலை போகும் என்றார். பதினேழு என்று இந்தமுறை நிறுத்தாமல் படித்தார். எனக்குத்தான் அடிக்கக் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்துத் தையல்காரம்மா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையில் அந்தப் படிவம்.

“இப்பத் தினமும் பேசுறோம். காலைல சொல்லிட்டுத்தான் கெளம்புறார். அந்த வீட்ல ஆள் இருக்கு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்.”

ஆட்சேபத்துக்கான கெடு போன வாரமே முடிந்திருந்தது. உத்தரவும் கையெழுத்தாகிவிட்டது. தராசு தன் நாற்காலியை அவருக்குக் கொடுத்து, நின்றுகொண்டே அதைப் பொறுமையாக விளக்கினார். படிவம் இனி செல்லாது என்றார். தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றார்.

செல்லாத காகிதத்தைத் தராசு ஒருநாளும் மேசையில் விட்டுவைத்ததில்லை. இதை இரண்டு தடவை படித்தார். நான்காக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.