சுவரில் ஒட்டிய சீட்டு

சங்கரன்கோவிலில் நான் தறி ஓட்டும் கூடத்துச் சுவரில், சுவிட்ச் பெட்டிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தாள் தழும்பு இன்றும் இருக்கிறது. அரை முத்திரையும் இரண்டு எண்களும் தெரியும். முதலாளி இரண்டு முறை வெள்ளையடித்தார். அந்த இடத்தை மட்டும் நான் அடிக்க விடவில்லை.

அங்கே ஒட்டியிருந்த லாட்டரிச் சீட்டை வாங்கி வந்தவர் பாவு புணைக்கும் அண்ணாச்சி. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீர்ந்ததும் புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முடிச்சிடுவது அவர் வேலை. ஓர் இழையைக்கூட மாற்றி முடியாத விரல்கள். மாதம் ஒருமுறை அவரோடு சேர்த்து நாங்கள் ஆறு பேரும் காசு போட, அவர் பஸ் ஏறிச் செங்கோட்டைக்கு அப்பால் மலை தாண்டிப் போய்க் கேரள லாட்டரி வாங்கி வருவார். இங்கே விற்றால் போலீஸ் பிடிக்கும். மலைக்கு அந்தப் பக்கம் அரசாங்கமே முத்திரை குத்தி விற்கும். ஒரே தாள் இந்தப் பக்கம் குடியைக் கெடுப்பதாகவும் அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி நடத்துவதாகவும் இருப்பது எப்படி என்று எனக்கு விளங்கியதே இல்லை. இரண்டு பக்கமும் போவது தோற்கிறவன் காசுதானே.

"ஏலே, அரசாங்கம் விக்குத சீட்டு. அதுல என்னல ஏமாத்து?" என்பார் அண்ணாச்சி. அரசாங்கத்தையே நம்பாதவன் அவரை எப்படி நம்புவேன்? அந்த வருஷம் அவர் மகளை நர்ஸிங் சேர்க்கப் பணத்துக்கு அலைந்துகொண்டிருந்தார். இப்படிப்பட்டவர் கையில் சீட்டு இருக்கலாமா என்று மனம் அரித்தது. எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டேன்: "அண்ணாச்சி, சீட்டு உங்க கைல இருந்தா, பரிசு விழுந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் சுருங்கியது. பாவுக்குப் போடும் கஞ்சியைத் தொட்டுச் சீட்டின் பின்பக்கம் தடவி, சுவரில் அழுத்தி ஒட்டினார். "எல்லாரும் பாத்துக்கிடுங்க" என்றார். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அந்தச் சீட்டுக்குப் பரிசு விழுந்தது. முதல் பரிசு இல்லை. ஆனால் ஆறாகப் பிரித்தாலும் அவர் மகள் படிக்கப் போதும். பிளேடு வைத்துப் பார்த்தோம், தண்ணீர் நனைத்தோம். கஞ்சி இளகுவதற்குள் தாள் கூழானது. கிடைத்த துண்டுகளை எடுத்துக்கொண்டு மலை தாண்டிப் போனவரை, கிழிந்த சீட்டு செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்து என் தறிப் பக்கம் நின்றார். கோபமே இல்லை. "சீட்டு எங்கயும் ஓடிப் போகல பாத்தியா, மக்கா" என்றார்.

மகள் அந்த மாதமே ஜவுளிக்கடை வேலைக்குப் போனாள். அண்ணாச்சி அதன்பிறகு மலை தாண்டவில்லை.

இப்போது பையன்கள் போனிலேயே சீட்டு எடுக்கிறார்கள். எவன் நடத்துகிறான், பணம் எங்கே போகிறது என்று நான் இன்னும் துருவித் துருவிக் கேட்கிறேன். ஆனால் சுவரைப் பார்த்ததும் தறிப் பக்கம் திரும்பிவிடுவேன். ஒட்டியபோது, இதை எப்படிப் பிய்ப்பது என்று ஆறு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. பரிசு விழும் என்று நான் நம்பவே இல்லை. அவர் ஏமாற்றுவார் என்பதை மட்டும் நம்பியிருந்தேன்.