கார்த்திகேசன் சாரின் கேசட் வகுப்பு

எங்கள் டுடோரியலில் கணக்கு எடுத்தவர் கார்த்திகேசன். நெல்லை ஜங்ஷனில் ஒரு மாடி, இரண்டு அறை. பரீட்சையில் கோட்டை விட்டவர்களைத் தேற்றி அனுப்புவது எங்கள் தொழில். நான் இங்கிலீஷ். அவர் முன்கோபி, வகுப்பின் பாதியில் சாக்பீஸை எறிந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். ஆனால் கணக்கில் மனுஷனை அசைக்க முடியாது.

தொண்ணூற்று மூன்றில் மேலப்பாளையத்து ஆட்டோக்காரர் தாஜ் முகம்மது வந்தார். அவர் தங்கை சுபைதா பேகம் பத்தாவதில் கணக்கில் மட்டும் பெயிலாகியிருந்தாள். பால்வாடி டீச்சர் வேலைக்குப் பத்தாவது வேண்டும். வயது வரம்போ அந்த வருடத்தோடு முடிகிறது. வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள், பையன்கள் நெருக்கியடிக்கும் எங்கள் மாடிக்கு எங்கே வருவாள்? கைக்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது, கேசட்டில் பாடம் எடுத்துத் தந்தால் என்ன என்று தாஜ் கேட்டார். சவூதியிலிருந்து வந்த டேப் ரிக்கார்டர் அவர்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருந்தது.

கார்த்திகேசனுக்கு யோசனை பிடித்துப்போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, புத்தகத்தில் இருந்ததை அட்சரம் பிசகாமல் வாசித்துப் பதிவு செய்தார். ரேடியோவில் செய்தி வாசிப்பது போலிருக்கிறது என்றேன். என் பேச்சை என்றைக்குக் கேட்டார்?

அடுத்த வாரம் கேசட் திரும்பி வந்தது. போட்டுப் பார்த்தால் பாடத்தைக் காணோம். ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். பட்ட பாடெல்லாம் போச்சே என்று அவர் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. தாஜ் பதறவே இல்லை. சவூதியிலிருந்து மாப்பிள்ளைமார் மனைவிக்குப் பேசி அனுப்பும் கேசட்டை வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டு, அதன்மேலேயே பதில் பேசி அனுப்புவதுதான் தங்கள் ஊர் வழக்கம் என்றார். வந்த கேசட்டைச் சும்மா வைத்துக்கொள்வது மரியாதை இல்லையாம்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்து கேட்டோம்.

"சார், நீங்க யாருகிட்ட பேசுதீஹன்னே தெரியல. எங்க மாப்ள எம்பேரைச் சொல்லி, சாப்பிட்டியான்னு கேட்டுட்டுத்தான் பேச ஆரம்பிப்பாஹ. நீங்க எடுத்த எடுப்புல கூம்பின் கன அளவுங்கீஹ. எனக்குப் பயந்து வருது சார்."

கார்த்திகேசன் முகம் சுண்டிப்போயிற்று. சத்தம் போடப்போகிறார் என்றிருந்தேன். டேப்பைச் சுற்றி, அதையே இன்னொரு தடவை கேட்டார்.

அடுத்த கேசட் "சுபைதா, சாப்பிட்டாச்சா?" என்று தொடங்கியது. கையிலிருக்கிற பீடியைப் பார், ஒரு பக்கம் சிறுத்துக்கொண்டே போகிறதல்லவா, அது ஒரு புள்ளியில் போய் முடிந்தால் கூம்பு என்றார். ஒரு கணக்கைப் பாதியில் நிறுத்தி, மீதியை நீ சொல்லி அனுப்பு என்றார். பதில் வரும்போது அவள் எந்த வரியில் தயங்குகிறாள் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். மறு கேசட்டில் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்வார். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடவே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர்கள் பெயர்களும் பாடத்தில் ஏறின. இந்த மனுஷன் வீட்டில் தன்னை ஒரு நாளாவது சாப்பிட்டாயா என்று கேட்டதுண்டா என்று அவர் மனைவி கோமு என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

சுபைதா அக்டோபர் பரீட்சை எழுதினாள். முடிவு வந்த அன்று காலையிலிருந்து கார்த்திகேசன் பேப்பரைப் பிரிக்கவில்லை. மடித்தபடியே மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதில் போனால் அவளுக்கு இன்னொரு பரீட்சை உண்டு, அந்த வேலை கிடையாது. நான் பார்த்துச் சொல்கிறேன் என்று கை நீட்டினேன். தட்டிவிட்டார்.

மத்தியானம் தாஜோடு ஒரு பெண் மாடியேறி வந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சார், பாஸாயிட்டேன்."

முகத்தை அன்றுதான் பார்க்கிறார். குரல் கேட்டதுமே எழுந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவளும் காத்து நின்று பார்த்தாள்.

"கேசட்டுல அம்புட்டுப் பேசுவீஹ. இப்ப ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கீஹளே சார்."

"இப்பப் பேச வரலம்மா," என்றார் கார்த்திகேசன். "நீ வீட்டுக்குப் போ. பேசி அனுப்புதேன்."