காபி ஊற்றிய கை

குவைத் நாட்டைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. அப்போது நான் ஆறாம் வகுப்பு. குவைத்தை நான் பார்த்ததில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் இருந்த பிரவுசிங் சென்டரைப் பார்த்திருந்தேன், அந்தத் தகுதியே போதுமானதாக இருந்தது.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அந்த நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடாகியிருந்தது. சித்தப்பா அவளை விட்டுவிட்டு எங்கோ போய்விட்டதால் நாலு வருடமாக அவள் எங்களோடுதான் இருந்தாள். இரண்டு வருட வேலை, பெரிய வீடு, நல்ல மனிதர்கள் என்று பொன்னேரி ஏஜென்ட் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு ஆலையில் ஷிப்டு வேலை பார்த்த நைனா, போகிற ஊர் எப்படிப்பட்டது என்று சித்தி தெரிந்துகொள்ளட்டும் என்று எங்கள் இருவரையும் பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினார். வீட்டில் இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். பிளைவுட் தடுப்புக்குள் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன். சித்தி பின்னால் நின்றபடி, "இன்னாடி போட்டுக்கீது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். நான் படித்துப் படித்துச் சொல்வேன். பாதி புரியும். புரியாத பாதிக்கு நானே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவேன். அந்த ஊரில் மழையே கிடையாது, எல்லார் வீட்டிலும் ஒட்டகம் உண்டு என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன். ஒட்டகத்துக்குத் தீனி வைப்பதும் தன் தலையில்தான் விழுமோ என்று சித்தி கவலைப்பட்டாள். அதெல்லாம் இல்லை, ஒட்டகம் தானே போய் மேய்ந்துகொள்ளும் என்று தேற்றினேன்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நல்ல பக்கம் ஒன்று கிடைத்தது. அந்த நாட்டு மக்களின் பழக்கவழக்கங்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் காபி கொடுப்பார்களாம். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணம். வலது கையால்தான் வாங்க வேண்டும். காலியான கிண்ணத்தை நீட்டினால் மறுபடியும் ஊற்றுவார்களாம். போதும் என்றால் வாய் திறந்து சொல்லக் கூடாது, கிண்ணத்தை லேசாக இரண்டு தரம் ஆட்டினால் போதும்.

இது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. அவ்வளவு சின்னக் கிண்ணம் எங்களிடம் இல்லாததால் இருமல் மருந்தின் மூடியைக் கழுவி எடுத்துக்கொண்டோம். அம்மா டீ ஊற்ற, சித்தி வலது கையால் வாங்கிக் குடித்துவிட்டு மூடியை ஆட்டினாள். இரண்டு தரத்துக்கு மேல் ஆட்டினால் மரியாதைக் குறைவு என்று நான் அதட்டினேன். அது எந்தப் பக்கத்திலும் இல்லை, என் சொந்தச் சரக்கு. ஷிப்டு முடிந்து வந்த நைனாவும் ஒரு மூடி குடித்து ஆட்டிவிட்டு, "இவ்ளோதானா? நம்ம கம்பெனி கேன்டீன்ல கூட இதவிட ஜாஸ்தி ஊத்துவான்" என்றார். அந்த வாரம் முழுக்க யாருக்குக் குழம்பு போதுமென்றாலும் தட்டை ஆட்டினோம்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சித்தி புதிதாக எதையும் பார்க்க வேண்டாம் என்றாள்.

"அந்தக் காபிப் படத்த எடுடி."

எடுத்தேன். அந்த நாளில் படம் ஒரேயடியாக வந்துவிடாது, மேலிருந்து பட்டை பட்டையாக இறங்கும். அகலமான கூடம், கம்பளம், திண்டுகளில் சாய்ந்தபடி ஒரு குடும்பம். ஒரு பெரியவர் கிண்ணத்தை நீட்டியிருந்தார். படத்தின் ஓரத்திலிருந்து வந்த ஒரு கை, மூக்கு நீண்ட பித்தளைக் கூஜாவால் அதில் காபியை ஊற்றியது. கறுத்த கை, மெல்லியதாக ஒரே ஒரு வளையல்.

"இது யாரு கை?"

"யாரோ காபி ஊத்துறவங்க."

"கொஞ்சம் இந்தாண்ட தள்ளேன். மூஞ்சி தெரியுதா பாக்கலாம்."

தள்ளிப் பார்த்தேன். "அவ்ளோதான் சித்தி. படம் முடிஞ்சிபோச்சு."

பிறகு எல்லாப் படங்களையும் ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னாள். பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் படம், பெருநாள் படம், கல்யாணப் படம். வீட்டு வேலை செய்பவர்களைப் பற்றி எங்காவது போட்டிருக்கிறதா என்று கேட்டாள். நான் மேலும் கீழும் தேடினேன். "அந்த மாதிரி யாரும் இல்ல சித்தி" என்றேன். கெட்ட சேதி ஒன்றுகூட அகப்படவில்லையே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில், தான் போகப்போவதில்லை என்று நைனாவிடம் சொல்லிவிட்டாள். வீடு இரண்டுபட்டது. "எல்லாம் கூடி வர்ற நேரத்துல இப்பிடிப் பேஜாரு பண்றியே, இனிமே இந்த மாதிரி ஒண்ணு எப்ப வரும்?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா என் பக்கம் திரும்பினார்.

"இன்னாடி காட்டுன அவளுக்கு? கண்டதையும் படிச்சிக்கினு வந்து பயமுறுத்துனியா?"

நல்லதைத்தான் காட்டினேன் என்று சத்தியம் செய்தேன். அது உண்மையும்கூட. ஆனால் யாரும் நம்பவில்லை. முதுகில் இரண்டு விழுந்தது. பிரவுசிங் சென்டர் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவானது. நைனாவே பொன்னேரிக்குப் போய் ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வந்தார். அடுத்த மாதம் சித்தி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தாள். விமானத்துக்குப் பயந்துகொண்டுதான் போகவில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்லிவைத்தேன். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை.

அடி வாங்கிய அன்று சித்திதான் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டாள்.

"நீ நல்லாத்தான் படிச்ச. உம்மேல ஒண்ணும் தப்பில்ல" என்றாள். முந்தானையால் என் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எல்லாப் படத்தையும் பாத்தேன்டி. மூஞ்சி தெரியிறவங்க எல்லாரும் குந்திக்கினு கீறாங்க" என்றாள்.

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. உட்கார்ந்திருப்பது ஒரு குற்றமா? இதற்காகவா நான் அடி வாங்கினேன்? எந்தக் கையால் வாங்க வேண்டும், எத்தனை தரம் ஆட்ட வேண்டும் என்று எல்லாவற்றையும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேனே, சித்தியும் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன்.